மூன்றாம் நம்பர் நீடில் ஹோல்டர்

அக்டோபர் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே கால். நாற்பது முடிச்சு.

அருண், வியாழக்கிழமைத் தேர்வில் உன் வலது கைக்கு நான் எடுத்துவைத்த அதே நீடில் ஹோல்டரை வைத்துக்கொண்டு, இன்று ஏழரை மணியிலிருந்து ஸ்கில்ஸ் லேபில் தனியாக உட்கார்ந்து நாற்பது முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். இருபத்தேழு முறை ஊசி அதன் வாய்க்குள் திரும்பிக்கொண்டது. ஆறு முறை நழுவியே விழுந்தது. என் சராசரி நூற்று நாற்பத்தாறு செகண்ட். அன்றைக்கு உன் சராசரி நூற்று முப்பத்தொன்று. பழுது என்று தெரிந்து, யாரும் பார்க்காத இடத்தில், நிதானமாக நான் செய்ததைவிட, பழுது என்று தெரியாமல், டிபார்ட்மெண்ட் தலைவரான சீஃப் ஸ்டாப்வாட்சோடு பின்னால் நிற்க நீ செய்தது பதினைந்து செகண்ட் வேகம். உன் கையில் கோளாறு இல்லை. கோளாறு ஹோல்டரில். அது உன் தட்டுக்கு வந்ததற்குக் காரணம் நான். தவறிப்போய் வைக்கவில்லை. தெரிந்துதான் வைத்தேன்.

இதை உன்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். சீக்கிரம் முடிகிற வேலையும் அதுதான். எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் நான் செய்தது பன்னிரண்டு பேர் முன்னால். அருணுக்குக் கை பத்தாது என்று அத்தனை பேரும் நினைத்துக்கொண்டு போனார்கள். அடுக்களையில் நின்று உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் அவர்களில் ஒருவருக்கும் அது போய்ச் சேராது. ஆகையால் நாளை காலை எட்டு மணி வகுப்புக்கு முன் இந்தக் கடிதம் லேப் நோட்டீஸ் போர்டில் இருக்கும். முதலாம் ஆண்டு பி.ஜி.க்களும் படிக்கட்டும். உன் அம்மாவும் படிப்பாள். அவளுக்கு நம் வேலையின் பேர்கள் தெரியாது என்பதால், உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் விளக்கி எழுதவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். பொறுமை கிடையாதது எனக்குத்தான், உனக்கு உண்டு.

வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல், சின்னத் துளைகள் போட்டு, ஒன்றில் கேமராவும் மற்றவற்றில் நீளமான கருவிகளும் விட்டு, திரையைப் பார்த்தபடியே செய்கிற அறுவைக்குப் பேர் லேப்ராஸ்கோப்பி. அதில் கை இடது பக்கம் போனால் கருவியின் முனை வலது பக்கம் போகும். ஆழம் பிடிபடாது. அதனால் நோயாளியைத் தொடுமுன் பி.ஜி.க்கள், அதாவது மேற்படிப்பு டாக்டர்கள், ஒரு பெட்டிக்குள் பழகவேண்டும். பெட்டிக்குள் கிழிசல் உள்ள ஒரு ரப்பர் குழாய், அதில் இரண்டு புள்ளி. ஊசியை ஒரு புள்ளியில் விட்டு மறு புள்ளியில் எடுத்து, உள்ளேயே முடிச்சுப் போட்டு, நூலை வெட்டவேண்டும். எத்தனை செகண்ட் என்று பார்ப்போம். ஊசியைக் கவ்விப் பிடிக்கிற கருவிதான் நீடில் ஹோல்டர். அதன் வாயின் உட்புறம் பொடிப்பொடியாக வரி வெட்டியிருக்கும். வரி தேய்ந்துவிட்டால் ஊசி நிற்காது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. புதுசு போலப் பளபளவென்றுதான் இருக்கும். இந்தக் கருவிகளைப் பழுது பார்ப்பதும், பெட்டிகளைப் பராமரிப்பதும், தேர்வுக்குத் தட்டு அடுக்குவதும் என் வேலை. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவனுக்கு சர்ஜரி டிபார்ட்மெண்டில் கிடைத்த இடம் அது. அந்த இடத்தோடு எனக்கு எந்தச் சண்டையும் இருந்ததில்லை, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு வரைக்கும்.

அன்றைக்குப் பெட்டியின் கேமராவில் படம் ஆடிக்கொண்டிருந்தது. சரி செய்துவிட்டு, படம் நிற்கிறதா என்று பார்க்க ஏதாவது அசையவேண்டுமே என்று, உள்ளே கிடந்த ஊசியை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டேன். இன்னொன்று போட்டேன். பின்னால் சீஃப் நின்றது எனக்குத் தெரியாது. அப்போது அவர் இணைப் பேராசிரியர். "யாருப்பா உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?" என்றார். "யாரும் இல்ல மேடம். நூலு கெடந்துச்சு, போட்டுப் பாத்தேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "நீயெல்லாம் டாக்டருக்குப் படிச்சிருக்கணும்ப்பா" என்று சொல்லிவிட்டு ரவுண்ட்ஸுக்குப் போய்விட்டார். அவர் அதை மறந்திருப்பார். நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான். ஆனால் அதற்கு முந்தின நாள் வரை நான் யாரையும் பார்த்து எரிந்ததில்லை. அந்த ஒரு வரிக்குப் பிறகு, ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே மேஜையருகே நிற்கிறவனின் கையைத்தான் என் கண் முதலில் தேடும். இவன் எத்தனை செகண்ட், நான் எத்தனை செகண்ட்.

அதற்குப் பிறகு புதிதாக வருகிற பி.ஜி.க்களை எல்லாம் சீஃப் என்னிடம் அனுப்பினார். "அண்ணே, இன்னொரு தடவ மெதுவாக் காட்டுங்கண்ணே" என்று கெஞ்சுவார்கள். காட்டுவேன். ஆறு மாதம் போனால் அதே பிள்ளை தியேட்டரில் கருவியைப் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பாமலே, "அண்ணே, மானிட்டர்ல லைன் ஓடுது, என்னான்னு பாருங்க" என்பான். நான் கவுன் போட்டுக்கொண்டு உள்ளே போய், மேஜைக்கு இரண்டடி தள்ளி நின்று, கேபிளைச் சொருகிவிட்டு வெளியே வருவேன். டிபார்ட்மெண்டில் பெட்டிக்குள் என்னைவிட வேகமாக முடிச்சுப் போட யாரும் இல்லை. எழுபத்தொன்று. லேப் சுவரில் வெள்ளைப் போர்டில் நானே எழுதி வைத்த எண். உதவிப் பேராசிரியர்கள்கூட எண்பதுக்குக் கீழே வந்ததில்லை. எனக்கென்று இருந்தது அந்த ஒரு எண்தான். அதை வைத்துக்கொண்டு மற்றவர்களைப் பொறுத்துக்கொண்டேன். உன்னை முடியவில்லை.

உன்னோடு எனக்கு இந்தப் போட்டி இன்று நேற்று வந்ததில்லை. எனக்கு இருபது வயதிருக்கும்போது நீ பிறந்தாய். வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு எதற்கும் பொறுமை இருக்காது என்று உன் அம்மா சொல்வாள். அவளையும் சேர்த்துத்தான் சொல்வாள். வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினத்துக்காரர் என்னைப் பார்த்து, "அண்ணே, தம்பியையும் ஏத்திவிடுங்க, எடம் கெடக்கு" என்றார். உனக்கு அப்போது பத்து வயது. நான் திருத்தவில்லை. "பெத்த பிள்ளையத் தம்பிங்கிறாக, சிரிச்சுக்கிட்டு நிக்கிறீக" என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தை நான் பதினைந்து வருஷம் செலவழித்தேன். போன மாதம் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் நாம் டீ குடிக்கப் போனபோது கடைக்காரர் உன்னிடம், "டாக்டர் சார், அப்பாவுக்குச் சீனி போடலாமா, சுகர் கிகர் இருக்கா?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, உன்னிடம் கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "தாராளமாப் போடுங்கண்ணே" என்றாய். எனக்கு அந்த டீ இறங்கவில்லை.

முல்லைப் பெரியாற்றில் நீந்தியது உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பதினாலு. அக்கரைக்குப் போட்டி வைத்தோம். பாதி ஆற்றில் நீ எனக்கு மூன்று கை முன்னால் போய்க்கொண்டிருந்தாய். நான், "ஏலே, காலு புடிச்சிருச்சுலே!" என்று கத்தினேன். நீ ஒரு நொடிகூட யோசிக்காமல் திரும்பி வந்தாய். என் அக்குளில் கையைக் கொடுத்து, மூச்சு வாங்க வாங்கக் கரைக்கு இழுத்துவந்தாய். உன் உதடு நீலம் பூத்திருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "காலு மட்டும் புடிக்காம இருந்தா இவன முந்தியிருப்பேன்" என்று சொன்னேன். நீயும் தலையாட்டினாய். என் கால் பிடிக்கவில்லை அருண். ஒன்றும் பிடிக்கவில்லை. தோற்கப் போவது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். பதினோரு வருஷமாகச் சொல்லவில்லை. இதை எழுதுகிற வேகத்தில் அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

பி.ஜி. கவுன்சிலிங்கில் நீ நம் கல்லூரியை முதல் இடத்தில் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. "அப்பா இருக்கிற டிபார்ட்மெண்ட்டும்மா, பொட்டியில நல்லாப் பழகிக்கலாம்" என்று அம்மாவிடம் சொன்னாயாம். வந்த முதல் நாள் லேப் வாசலில் நின்று, "இங்கன உங்கள நான் எப்படிப்பா கூப்புடுறது?" என்றாய். "எல்லாப் பயலும் அண்ணேங்கிறான், நீயும் அண்ணேன்னு கூப்புடு." "அப்பாவ அண்ணேங்கவா? அம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுபுடும்." உள்ளே இருந்த பி.ஜி.க்கள் எல்லாம் சிரித்தார்கள். கடைசியில் நீ ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்தாய். முதல் இரண்டு மாதம் உன் கை தடுமாறியது. ஊசி விழும், நூல் சிக்கும், நெற்றியில் வியர்க்கும். என் வாழ்க்கையிலேயே நல்ல இரண்டு மாதம் அதுதான் என்று சொன்னால் உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. தினமும் ஏழு மணிக்கு உன் பக்கத்தில் நின்று, "மணிக்கட்டு, மணிக்கட்டு, தோளை ஆட்டாதலே" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். சொல்லிக்கொடுப்பதில் எனக்குக் கஞ்சத்தனம் இருந்ததில்லை. நீ எனக்குக் கீழே இருந்தவரைக்கும்.

பிறகு உன் கை படிந்தது. நூற்றுப் பத்து, தொண்ணூறு, எண்பத்து மூன்று. ஆகஸ்டில் ஒரு நாள் காலை, ரவுண்ட்ஸுக்கு முன், லேபில் நாம் இரண்டு பேர் மட்டும். முடித்து நூலை வெட்டிவிட்டு என் கையில் இருந்த ஸ்டாப்வாட்சை எட்டிப் பார்த்தாய். "அப்பா, அறுபத்தெட்டா? சரியாத்தான் காட்டுதா?" "நான் ஆரம்பத்துல பட்டன லேட்டா அமுக்கிட்டேன்லே. கணக்குல சேக்காத." "அதான பாத்தேன்" என்று சிரித்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாய். நம்பிவிட்டாய். பட்டனை நான் நேரத்தில்தான் அமுக்கினேன். அது அறுபத்தெட்டுதான். இந்த டிபார்ட்மெண்டில் அந்தப் பெட்டிக்குள் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அந்த நேரத்துக்கு வந்ததில்லை. நீ போன பிறகு கதவைச் சாத்திவிட்டு நான் உட்கார்ந்து பதினெட்டு முறை முயன்றேன். எழுபத்து நான்கு, எழுபத்தாறு, எழுபத்து மூன்று. பதினெட்டாவதில் நூல் அறுந்தது.

அடுத்த வாரம் சீஃப் உன்னை ஒரு அப்பெண்டிக்ஸ் செய்ய விட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டே எங்களுக்குச் சொன்னாய். "உள்ள எல்லாம் வழுக்குதும்மா. அப்பா குடுக்கிற ரப்பர் மாதிரி இல்ல. கொஞ்சம் கூட இழுத்தா உடனே கோவிச்சுக்குது, பிஞ்சு வருது." அம்மா, "அப்ப ஒங்க அப்பா மாதிரின்னு சொல்லு" என்றாள். நீ சாதத்தைத் துப்பும் அளவுக்குச் சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: என் ரப்பர். பன்னிரண்டு வருஷமாக நான் தொட்டது வெறும் ரப்பர். இவன் இரண்டாம் வருஷத்திலேயே உயிருள்ளதைத் தொட்டுவிட்டு வந்து, அது கோவிக்கும் என்று எனக்குச் சொல்லித் தருகிறான். மோர் ஊற்றச் சொல்லிவிட்டு, அது வருமுன்பே எழுந்து கை கழுவிக்கொண்டேன். "என்ன அவசரம் ஒங்களுக்கு?" என்று அம்மா கேட்டாள். எப்போதும் அவசரக்காரன் என்று பேர் எடுத்தவனுக்கு இது ஒரு வசதி. யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

வருஷத்துக்கு ஒரு பி.ஜி.யைத் தேர்ந்து மூன்று மாதம் கோயம்புத்தூருக்கு லேப்ராஸ்கோப்பிப் பயிற்சிக்கு அனுப்புவது நம் டிபார்ட்மெண்ட் வழக்கம். போய்வந்தவருக்குத்தான் சீஃபின் ஆபரேஷன் லிஸ்டில் முதல் வாய்ப்பு. இந்த முறை கடைசியில் நின்றது நீயும் பவித்ராவும். பவித்ரா கம்பத்துப் பெண். அவள் அப்பா ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளி மலையில் ஜீப் ஓட்டுகிறவர். அவளுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். புதன்கிழமை மதியம் சீஃப் லேபுக்கு வந்தார். நாளைத் தேர்வுக்கு எல்லாம் தயாரா என்று கேட்டுவிட்டு, போகிற போக்கில், "உன் மகன் கையைப் பார்த்தேன்ப்பா. உன் கை வேகம். அவன் கை கேக்குற கை. திசு என்ன சொல்லுதோ அதைக் கேட்டுட்டுத்தான் நகருது. அது சொல்லிக் குடுத்து வர்றதில்ல" என்றார். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார். எந்த அப்பனும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிற வார்த்தை. நான் "சரிங்க மேடம்" என்றேன். அவர் போன பிறகு கருவி அலமாரியைத் திறந்தேன்.

மூன்றாம் நம்பர் ஹோல்டர் ஜூலையிலேயே வாய் தேய்ந்துபோனது. கழிவு லிஸ்டில் நானே எழுதி, உபயோகிக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகக் கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றி, அடித்தட்டில் போட்டிருந்தேன். அந்த டேப்பை நகத்தால் கிழித்தேன். பசை ஒட்டிக்கொண்டிருந்தது, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். இதையெல்லாம் செய்ய நான்கு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த நான்கு நிமிஷத்தில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தியிருக்கலாம் என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். கோபத்தில் கை ஓங்குவது வேறு. இது துடைத்துத் துடைத்துச் செய்தது. வியாழக்கிழமை காலை முதல் பெட்டியில் பவித்ராவுக்கு நல்ல ஜோடி, இரண்டாவது பெட்டியில் உன் வலது பக்கம் மூன்றாம் நம்பர். "நீ ரெண்டாவது பொட்டிலே" என்று நான்தான் சொன்னேன்.

மூன்று சுற்று. முதல் சுற்றில் ஊசி திரும்பியபோது நீ நிறுத்தினாய். ஹோல்டரைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் சீஃப் கையில் இருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். அவ்வளவுதான், நீ முடிவு செய்துவிட்டாய், கோளாறு உன் கையில்தான் என்று. இரண்டாவது சுற்றில் ஊசியை மறுபடி மறுபடி கவ்வவைத்தாய். மூன்றாவதில் ஊசி விழுந்தே விட்டது. பவித்ராவின் சராசரி தொண்ணூற்றேழு. எல்லோரும் அவளுக்குக் கைகொடுத்தார்கள், நீயும் கொடுத்தாய். நான் தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். "அண்ணே, அருணுக்கு என்னாச்சு இன்னைக்கு? காய்ச்சலா?" "தெரியலம்மா." "எனக்கு இது ஜெயிச்ச மாதிரியே இல்லண்ணே. ரெண்டு மாசமா அவன நான் ஒரு தடவகூட முந்துனதில்ல." அவள் முகத்தைப் பார்க்காமல் ஹோல்டரைக் கழுவினேன். அந்த நேரத்தில் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? உண்மையை எழுதுகிறேன்: நிம்மதியாக இருந்தது. ஒரு மணி நேரம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தாய். "எனக்குக் கை பத்தலம்மா. திங்கட்கிழமை மேடம்கிட்ட எழுதிக் குடுத்துரப் போறேன். லேப்ராஸ்கோப்பி வேணாம், ஓப்பன் சர்ஜரியிலயே இருந்துக்கிறேன்னு." தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த உன் அம்மா திரும்பிப் பார்த்தாள். "ஏன்டா, நூலு வெட்டிவெட்டி விழுந்தா நான் மொதல்ல ஊசியத்தான் பாப்பேன். கையவா பாப்பேன்? ஒனக்குக் குடுத்த ஊசி, கொறடு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சா?" நீ சொன்னாய்: "அப்பா எடுத்துவச்சதும்மா. அது சரியாத்தான் இருக்கும்."

நான் மென்றுகொண்டிருந்தேன். பிறகு நீ என்னிடம் திரும்பி, "நீங்க சொல்லுங்கப்பா. எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கீக. என் கை தேறுமா, தேறாதா?" என்று கேட்டாய். வீட்டில் மகனாகக் கேட்கவில்லை, மாணவனாகக் கேட்டாய். இந்தக் கேள்விக்கு டிபார்ட்மெண்டிலேயே சரியான பதில் தெரிந்த ஒரே ஆள் நான். "இன்னும் பழகணும்" என்றேன். ஹோல்டரை மாற்றிவைத்ததைவிட இது பெரிய குற்றம் என்று இப்போது நினைக்கிறேன். அது ஒரு வாய்ப்பைத்தான் பறித்தது. இது உன் கையையே பறிக்கப் பார்த்தது. நீ தலையை ஆட்டிவிட்டு, தட்டைக் கழுவிவைத்துவிட்டு, நேற்றுக் காலை ஆண்டிபட்டி மருத்துவ முகாமுக்குப் பஸ் ஏறிவிட்டாய். நேற்று மூன்று தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. முகாமில் வேலையாக இருந்திருப்பாய். எடுத்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. நீ எடுக்காததால்தான் இன்று லேபைத் திறந்து நாற்பது முடிச்சுப் போட்டேன். எனக்கு அளந்து பார்த்தால்தான் எதுவும் உறைக்கும்.

சொல்லவேண்டிய புத்தி கொஞ்சம் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்றாலும் விஷயம் தப்பாகிவிடாது. யார் எடுத்துக் கொடுத்தாலும் சரி, ஒரு கருவியை வாங்கியதும் அதன் வாயை நீயே திறந்து மூடி, ஊசியைக் கவ்வவைத்து, விரலால் தள்ளிப் பார். சீஃப் கொடுத்தாலும் பார். அப்பன் கொடுத்தால் இரண்டு முறை பார். ஆளை நம்பு, இரும்பை நம்பாதே. தியேட்டரில் இது மரியாதைக் குறைவு கிடையாது. இரண்டாவது, கைவேலை சொல்லிக்கொடுக்கிறவன் எவனுக்கும் இந்த நோய் வரும். புத்தகம் சொல்லிக்கொடுப்பவருக்கு அவ்வளவாக வராது. மாணவன் எப்போது தாண்டினான் என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். செகண்டில் தெரியும். நாளைக்கு நீயும் சொல்லிக்கொடுப்பாய். ஒரு நாள் உன் ஜூனியர் உன்னைத் தாண்டுவான். அந்த நிமிஷமே அந்த எண்ணைப் பத்துப் பேர் காதில் விழுகிறமாதிரி உரக்கச் சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் உள்ளே புளித்துவிடும். ஆகஸ்டில் நான் 'அறுபத்தெட்டு' என்று வாய் திறந்து சொல்லியிருந்தால் புதன்கிழமை அந்த டேப்பைக் கிழித்திருக்க மாட்டேன்.

பவித்ராவைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் தொண்ணூற்றேழு உண்மையான தொண்ணூற்றேழு. மறுதேர்வு என்று வந்தால் கையில் இருப்பதை அவள் இழக்கக்கூடும். அது உன்னால் இல்லை, அவளாலும் இல்லை. அவளோடு நீ பழையபடி பேசு. இதை நீ பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிடுவாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆற்றிலிருந்து திரும்பி வந்த பயல் நீ. விட்டுக்கொடுக்காதே. உன் கை என்ன கை என்பது உனக்குத் தெரியவேண்டும், அளந்து தெரியவேண்டும். அதற்குப் பிறகு நீ ஓப்பன் சர்ஜரிக்குப் போ, கோயம்புத்தூருக்குப் போ, உன் இஷ்டம்.

மணி ஒன்றாகப் போகிறது. இனி நான் செய்யப்போவது:

1. இப்போதே வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் சொல்வேன். சாப்பிடுவதற்கு முன்பு. அதற்குப் பிறகு சோறு கிடைக்குமா என்பது அவள் இஷ்டம்.

2. நாளை ஏழு மணிக்குப் பவித்ராவை வார்டில் பார்த்து நேரில் சொல்வேன். போர்டில் படித்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. திட்டினால் நின்று கேட்பேன்.

3. ஏழரைக்கு சீஃபிடம் கையெழுத்துப் போட்ட தனிக் கடிதம், மூன்றாம் நம்பர் ஹோல்டர், இன்று எடுத்த நாற்பது நேரக் குறிப்பு, மூன்றையும் கொடுப்பேன். கோயம்புத்தூர்க் கடிதத்தில் இன்னும் கையெழுத்துப் போடவேண்டாம், மறுதேர்வு வையுங்கள் என்று கேட்பேன். என்னை வேலையில் வைப்பதா அனுப்புவதா என்பது அவர் முடிவு. வாதாட மாட்டேன்.

4. எட்டு மணிக்கு இந்தக் கடிதத்தை ஒட்டுவேன். ஒட்டிவிட்டு ஓட மாட்டேன். பக்கத்திலேயே நிற்பேன்.

5. அலமாரிச் சாவியைத் தியேட்டர் சிஸ்டரிடம் கொடுத்துவிடுவேன். இனித் தேர்வுக்கு வருகிறவர்களே கருவியைச் சோதித்து எடுத்துக்கொள்ளட்டும்.

6. மறுதேர்வு நடக்கும்போது அந்தக் கட்டிடத்திலேயே இருக்க மாட்டேன். கேன்டீனில் இருப்பேன். பொறாமையோடுதான் இருப்பேன், அது போய்விட்டது என்று எழுதினால் இன்னொரு பொய்யாகும். முடிந்ததும் என்னோடு பேசப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போ. ஜெயித்தாயா தோற்றாயா என்று சொல்லவேண்டாம். எத்தனை செகண்ட் என்று மட்டும் சொல்.